விக்டோரியா பொது மண்டபமும் கல்லூரி இளைஞரின் நாடகப் பாட்டும்

முன்னுரை

தமிழ் நாடகம் பாட்டிலிருந்து உரையாடலுக்கு மாறியதை நாடக வரலாற்றாசிரியர் பலர் வளர்ச்சி என்றே மதிப்பிடுவர். அம்மாற்றத்தைச் சுவை மேம்பாடாக மட்டும் கொள்ளாமல், நடித்தவர் யாவர், எங்குப் பயின்றனர், எவ்வரங்கில் நடித்தனர் என்னும் வினாக்களோடு இணைத்துக் காண்பது தேவையாகிறது. சென்னை விக்டோரியா பொது மண்டபமும் அங்கு நாடகம் நிகழ்த்திய சுகுண விலாச சபையும் அதற்குத் தக்க சான்றுகளாகும்.

மண்டபமும் சபையும்

1883ஆம் ஆண்டு விஜயநகரம் அரசர் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டிய இம்மண்டபம், சிசோம் வகுத்த வரைபடத்தின்படி நம்பெருமாள் செட்டியாரால் கட்டப்பட்டது. விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவாகப் பெயர் பெற்றது. 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் சரச விநோதினி சபையார் சென்னையில் தெலுங்கு நாடகங்களை நிகழ்த்தினர். வழக்கறிஞர் ஒருவர் மேடையேறி நடித்தமை, பதினெட்டு அகவையினரான பம்மல் சம்பந்த முதலியாரின் (1873-1964) உள்ளத்தை மாற்றியது. நடிகரைக் ‘கூத்தாடி’ என இகழ்ந்த காலம் அது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் சுகுண விலாச சபை தோன்றியது. கல்வி கற்றோரும் வழக்கறிஞரும் அதில் இணைந்தனர். பின்னாளில் சத்தியமூர்த்தியும் அதன் மேடையில் நடித்தார்.

பாட்டின் இடம்

சபை நாடகங்களில் பாட்டு முற்றிலும் நீங்கவில்லை. அதன் இடம் சுருங்கியது. கதையை நடத்திச் செல்லும் பொறுப்பை உரையாடல் ஏற்றது. 1895இல் மேடையேறிய ‘மனோகரா’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1954இல் அக்கதை கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலுடன் திரைப்படமானபோதும் வசனத்தாலேயே புகழ் பெற்றது.

இச்சுருக்கத்திற்குக் கொள்கையோடு பயிற்சிச் சூழலும் காரணமாதல் கூடும். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை இதனோடு ஒப்பிடலாம். அங்குச் சிறுவர்கள் ஆசிரியருடன் தங்கிப் பாடல்களை நாள்தோறும் பயின்றனர். டி.கே.எஸ். சகோதரர்கள் அப்பயிற்சியில் உருவானவர்களே. சபை உறுப்பினர்க்கோ நாடகம் தொழிலன்று. படிப்பும் அலுவலும் போக எஞ்சிய நேரமே ஒத்திகைக்கு உரியது. அந்நேரத்திற்குள் மனனம் செய்து பேச இயலும். இளமை முதல் பழகிய குரலைப் பெறுதல் அரிது. ஆகவே பாடும் நாடகம், பேசும் நாடகம் என்னும் பிரிவு, கம்பெனிப் பயிற்சிக்கும் கல்லூரிக் கல்விக்கும் இடையிலான பிரிவாகவும் அமைகிறது. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் இசைப்புகழ் தொழில்முறை மேடையில் விளைந்ததும் இங்கு எண்ணத்தக்கது.

கல்லூரியில் எஞ்சிய பாட்டு

சபை தோன்றிய அதே 1891இல், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். கல்லூரிச் சூழலில் பிறந்த அச்செய்யுள் நாடகம், படித்தற்குரியதாகவே பெரிதும் கருதப்படுகிறது. எனினும் அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் பகுதி 1970இல் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்துப் பாடலாக ஏற்கப்பட்டது. எம்.எஸ். விசுவநாதன் அதற்கு மோகன இராகத்தில் இசையமைத்தார். 2021இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. இன்று கல்லூரி விழாக்களில் மாணவர் ஒன்றுகூடிப் பாடும் பாட்டு அதுவே.

முடிவுரை

விக்டோரியா மண்டப மேடை நடிகருக்குச் சமூக மதிப்பைத் தேடித் தந்தது. அம்மதிப்பைப் பெற்றவர் கற்றோர்; பாட்டுப் பயிற்சியைக் காத்தவர் அம்மதிப்பு எளிதில் கிட்டாத கம்பெனி நடிகர். உரையாடலின் எழுச்சியை வளர்ச்சியென எழுதும் நாடக வரலாறு, பின்னவரின் கல்வியையும் கல்வியெனக் கொள்ளும்போதே முழுமை பெறும்.