மார்பகமும் சந்தையும்: அழகுச் சத்திரசிகிச்சையின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

மார்பகத்தின் வடிவிலோ அளவிலோ மனக்குறை கொள்ளும் இளம் பெண்களுக்கு இன்றைய சத்திரசிகிச்சைத் துறை பல வழிமுறைகளை முன்வைக்கின்றது. அவை யாவை, அவற்றால் விளையும் நன்மை தீமைகள் எவை என்பன மருத்துவம் சார்ந்த வினாக்கள். ஆனால், அம்மனக்குறை எங்கிருந்து தோன்றுகின்றது என்பது மருத்துவத்தால் மட்டும் விடைகாணக்கூடிய வினாவன்று. இவ்விரு வினாக்களையும் ஒருங்குவைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்துறையின் நவீன வரலாறு பெரிதும் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்றதாகலின், அந்நாட்டின் அனுபவத்தையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றோம்.

1

முதலில் வழிமுறைகளை நோக்குவோம். மார்பகத்தைப் பெருப்பிப்பதற்கு, சிலிக்கோன் உறையினுள் உப்புநீரையோ சிலிக்கோன் கூழையோ கொண்ட பை, மார்பகத் திசுவின் கீழ் அல்லது மார்புத் தசையின் கீழ் வைக்கப்படுகின்றது. வயிறு, தொடை ஆகிய இடங்களிலிருந்து கொழுப்பை எடுத்து மார்பகத்தினுள் செலுத்துவது இரண்டாவது முறை. செலுத்திய கொழுப்பின் ஒரு பகுதியை உடல் மீள உறிஞ்சிக்கொள்வதால் இதனால் சிறிதளவு மாற்றமே கிட்டும். மூன்றாவது, தொய்ந்த மார்பகத்தை உயர்த்துதல். மிகுதியான தோலை நீக்கி முலைக்காம்பை மேலே நகர்த்துவர், வடு எஞ்சும், கருவுறுதலும் முதுமையும் மீண்டும் தொய்வை ஏற்படுத்தக்கூடும். நான்காவது, மார்பகத்தின் பருமனைக் குறைத்தல். கழுத்திலும் தோளிலும் முதுகிலும் இடையறாத வலியுடன் வாழும் பெண்ணுக்கு இது உண்மையான நிவாரணம். ஆயினும் பின்னர் பாலூட்டும் ஆற்றல் குறையலாம்.

இரு மார்பகங்களும் முற்றிலும் ஒத்திராமை பெண்களிடையே இயல்பானது என்பதும், அவற்றின் வளர்ச்சி பதின்பருவத்தின் இறுதிவரை தொடரலாம் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கவை. அழகு நோக்கிற்காக உப்புநீர்ப் பையைப் பொருத்துவதற்கு 18 வயதையும், சிலிக்கோன் கூழ்ப் பைக்கு 22 வயதையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கீழெல்லையாக வகுத்துள்ளது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தோருக்கும், வளர்ச்சிக் குறைபாட்டினால் இரு மார்பகங்களிடையே பெரும் வேறுபாடு உடையோருக்கும் இச்சத்திரசிகிச்சை ஆற்றும் தொண்டினை நாம் மறுப்பதற்கில்லை. எமது விசாரணை, நோயற்ற உடல் நோயுற்றதாகக் கருதப்படலாயிற்று என்பது பற்றியதே.

2

1962ஆம் ஆண்டு ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இருவர் சிலிக்கோன் கூழ்ப் பையை முதன்முதலாக ஒரு பெண்ணின் உடலிற் பொருத்தினர். டோவ் கோர்னிங் என்னும் நிறுவனம் அப்பைகளை உற்பத்தி செய்து சந்தைக்கு அனுப்பியது. அப்பெண் ஆறு பிள்ளைகளின் தாய்; ஏழைகளுக்கான தரும வைத்தியசாலையொன்றுக்குச் சென்றவர். அவர் சென்றது மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றுவதற்கே. அவர் மாற்ற விரும்பியது தமது காதுகளை. காதுகளையும் சீர்செய்வதாயின் உடன்படுவதாகக் கூறினார். தேவை பெண்ணிடமிருந்து எழவில்லை. பண்டம் முதலில் வந்தது. உற்பத்தியானது நுகர்வுக்குரிய பொருளை மட்டுமன்றி, அப்பொருளுக்குரிய நுகர்வோரையும் தோற்றுவிக்கின்றது என்ற மார்க்சின் கருத்துக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

பண்டத்துக்கு ஏற்ற நோய் பின்னர் வந்தது. இப்பைகளைக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய வகுப்பில் சேர்க்க அரசு முனைந்தபோது, 1982இல் அமெரிக்க பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் அதனை எதிர்த்து விண்ணப்பித்தது. சிறிய மார்பகங்கள் உருக்குறைபாடு என்பதுடன் நில்லாது உண்மையில் நோயே என்பதும், அவை பெண்ணின் மனநலத்தைப் பாதிக்கின்றன என்பதும் அவ்விண்ணப்பத்தின் வாதங்கள். மனிதரிடையே இயல்பாகக் காணப்படும் வேறுபாடொன்று, அதனை மாற்றுவதால் வருவாய் பெறுவோரின் பேனாவினால் நோயாயிற்று.

பெண்ணுடலுக்கு இலட்சிய வடிவம் வகுப்பது முதலாளித்துவத்துடன் தோன்றியதன்று. எமது இலக்கிய மரபிலும் கேசாதிபாத, பாதாதிகேச வருணனைகள் பெண்ணை உறுப்புறுப்பாகப் பிரித்து உவமை கூறின. நிலப்பிரபுத்துவப் புரவலரின் பார்வை அவற்றிற் படிந்துள்ளது. எனினும், அது செய்யுள் மரபாகவே நின்றது. வருணனைக்கேற்பத் தன் உடலை வெட்டித் திருத்திக்கொள்ளுமாறு அது எப்பெண்ணையும் கேட்கவில்லை. முதலாளித்துவத்தில் அவ்வுவமை அளவுகோலாகிறது. அளவுகோலுக்கு விலை குறிக்கப்படுகின்றது.

3

இவ்விலையை முழுமையாகச் செலுத்தியோர் பெண்களே. இப்பைகள் சந்தைக்கு வந்தபோது அவற்றின் பாதுகாப்பை முன்கூட்டியே நிரூபிக்கும் கடப்பாடு நிறுவனங்களுக்கு இருக்கவில்லை. மருத்துவச் சாதனங்களுக்கான சட்டத் திருத்தம் 1976இலேயே நிறைவேறியது. 1992இல் அரசு சிலிக்கோன் பைகளின் அழகுப் பயன்பாட்டைத் தடுத்தது. வழக்குகள் குவியவே 1995இல் டோவ் கோர்னிங் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. உடலெங்கும் பரவும் இணைப்புத்திசு நோய்களை இவை விளைவிக்கின்றன என்பதற்குச் சான்றில்லை என 1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் அறிக்கையிட்டது. ஆயின் பை கிழிதல், சுற்றியுள்ள திசு இறுகுதல், மறு சத்திரசிகிச்சை ஆகியன அடிக்கடி நேர்வதையும் அதே அறிக்கை ஏற்றது. 2006இல் தடை நீங்கிற்று.

பிரான்சில் பி.ஐ.பி. என்னும் நிறுவனம் செலவைக் குறைப்பதற்காகக் கைத்தொழிற் பயன்பாட்டுக்குரிய சிலிக்கோனைப் பைகளில் நிரப்பியமை 2010இல் அம்பலமாயிற்று. அதன் ஸ்தாபகருக்கு 2013இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகள் அரிய நிணநீர்ப் புற்றுநோயொன்றுடன் தொடர்புடையன எனக் கண்டறியப்பட்டதால், 2019இல் அலர்கன் நிறுவனம் அத்தகைய தன் பைகளை உலகெங்குமிருந்து மீளப் பெற்றது. 2021இல் அமெரிக்க நிர்வாகம் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இப்பை வாழ்நாள் முழுதும் நிலைப்பதன்று என்பது அவ்வெச்சரிக்கையின் சாரங்களுள் ஒன்று. பெருப்பித்துக்கொண்ட பெண்களுள் ஐவரில் ஒருவர் வரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் பையை அகற்ற நேர்கின்றது என அந்நிர்வாகமே கூறுகின்றது. சிலிக்கோன் கூழ்ப் பை உடையோர் 5 அல்லது 6 ஆண்டுகளின் பின்னரும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் படமெடுத்துப் பரிசோதித்தல் வேண்டும். இருபது வயதில் இதனை ஏற்கும் பெண், வாழ்நாள் முழுதும் தொடரும் செலவொன்றையும் உடன் ஏற்கின்றாள். முதற் சிகிச்சைக்கே கடன்படும் உழைக்கும் பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று.

4

இப்பிரச்சினையில் இருவகைத் தவறான நிலைப்பாடுகளைக் காண்கின்றோம். பெண்ணின் வீண் பகட்டே காரணம் எனப் பழிப்பது ஒன்று. அது ஒழுக்கவாதிகளின் நிலைப்பாடு. அனைத்தும் அவளது சுதந்திரமான தெரிவே என்பது மற்றொன்று; அது தாராண்மைவாதிகளின் நிலைப்பாடு. முன்னது அவள் மீது செலுத்தப்படும் சமூக நிர்ப்பந்தத்தைக் காண மறுக்கின்றது. பின்னது, உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் தெரிவு இல்லை என்பதை மறக்கின்றது. இன்று எச்சரிக்கைகள் அச்சிடப்படுகின்றன எனின், அது நிறுவனங்களின் நல்லெண்ணத்தால் விளைந்ததன்று. பாதிக்கப்பட்ட பெண்கள் நீதிமன்றங்களிலும் பகிரங்க விசாரணைகளிலும் நின்று போராடியதன் பயன்.

எனவே, தன் மார்பகம் பற்றி மனங்குன்றும் இளம் பெண்ணுக்கு முதலிற் சேரவேண்டியது, இயல்பு என்பது ஒரே அளவினதன்று என்ற அறிவு. அதன் பின்னரும் சத்திரசிகிச்சையை நாடுவாளாயின், எத்தகைய பை, எத்தனை ஆண்டுகள், அகற்றும் செலவு எவருடையது, பாலூட்டலும் புற்றுநோய்ப் பரிசோதனையும் எவ்வாறு பாதிக்கப்படும் என்னும் வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுவது அவளது உரிமை. அவ்வுரிமையை நிலைநாட்டுவது அவள் ஒருத்தியின் பொறுப்பாகாது. அது சமூகத்தின் கடமையாகும்.