தாராவி ஸ்விட்சின் மூன்றாம் போர்ட்

செம்பூரில் தலைமை அலுவலகம், தாராவியில் ஒரு கிளை என ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். ஜூலை மழையில் தாராவி லைன் போய்விட்டதா என்று தெரிய வேண்டும். செம்பூரின் கண்காணிப்புக் கணினி, தாராவியின் நெட்வொர்க் ஸ்விட்சிடம் கேட்பது இவ்வளவுதான்: 1.3.6.1.2.1.2.2.1.8.3. பதில் 1 என்றால் போர்ட் ஓடுகிறது. 2 என்றால் படுத்துவிட்டது.

இந்த எண் வரிசை ஒரு மரத்தில் இறங்கும் வழி. முதல் 1 சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு. 3, அது பிற அமைப்புகளுக்கு விட்ட கிளை. 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அதன்கீழ் 1 இணையம். இன்னும் இறங்கினால் நிர்வாகப் பகுதி, போர்ட்டுகளின் பட்டியல், 'இப்போது ஓடுகிறதா' என்னும் 8, கடைசியில் போர்ட்டின் எண் 3. ஸ்விட்ச் யார் தயாரித்ததானாலும் கேள்வி இதேதான்.

மாட்டுங்காவின் பின்கோடு 400019-ம் இப்படித்தான்: 4 மேற்கு மண்டலம், 400 மும்பை, மிச்சம் தபால் நிலையம். ஆனால் பின்கோடு முழுவதையும் தபால் துறையே ஒதுக்குகிறது. இந்த எண் மரத்திலோ கிளையையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறுவனங்களுக்கான 1.3.6.1.4.1-க்குக் கீழே 9 சிஸ்கோவுக்கு. அதற்கடியில் என்ன பெயர் வைத்தாலும் அவர்கள் யாரையும் கேட்க வேண்டாம். கோடிக்கணக்கான பொருள்களுக்குப் பெயர் மோதாமல் இருப்பதன் ரகசியம் இந்த அதிகாரப் பகிர்வுதான்.

இணைய முகவரிகளும் அப்படியே. 1989-ல் பிறந்த டாட் இன் பதிவேட்டை முதலில் கவனித்தது ஜுஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். செம்பூர் பொறியியல் கல்லூரி ஒன்றின் முகவரி வெசிட்.வெஸ்.ஏசி.இன். இதை வலமிருந்து படிக்க வேண்டும். 'வெஸ்' கைக்கு வந்தபின் 'வெசிட்' வைப்பது கல்லூரியை நடத்தும் கல்விச் சங்கத்தின் சொந்த முடிவு.

இவ்வளவு உறுதியான எண் மரத்தில் நுனி மட்டும் ஆடும். ஸ்விட்சை அணைத்துப் போட்டாலோ புதிய கார்டு செருகினாலோ போர்ட் எண்கள் மாறக்கூடும். நேற்றைய 3 இன்று வேறு லைனாக இருக்கலாம். அதற்காகவே ஒவ்வொரு போர்ட்டுக்கும் நிர்வாகி 64 எழுத்துவரை குறிப்பு எழுத இடம் உண்டு. ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் அது அழியக் கூடாது என்பது விதி. எண்ணை நம்பாமல் இந்தக் குறிப்பைத் தேடிப் பிடிக்கும்படி கண்காணிப்பு மென்பொருளை அமைப்பதே நல்லது. பலர் அதைக் காலியாக விடுகிறார்கள், அல்லது 'அப்லிங்க்' என்று மட்டும் எழுதுகிறார்கள். எந்தக் கட்டடம், எந்த மாடி, யாரிடம் வாங்கிய லைன் என்று எழுதுங்கள். நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது பணியில் இருப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.