அடுப்பு கீழே, கதகதப்பு மேலே!

தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் மார்கழிப் பனி ஆகாதே என்று கவலைப்படாத தாய் நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் உண்டா? வயல் ஈரமும் ஆற்றுக் காற்றும் சேர்ந்து, விடியற்காலையில் தரையில் கால் வைக்க முடியாது. (நிஜத்தில் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான். நமக்கு அதுவே ஊட்டி!)

போன மார்கழியில் எங்கள் வீட்டிலும் இதே கவலை. பொண்ணும் குழந்தையும் மச்சு அறையில் இருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த பெரியம்மா, "கணப்புச் சட்டியை மேலே கொண்டு வெச்சு, கதவு ஜன்னலைச் சாத்துடி. உங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தோம்" என்றார். சட்டியில் கரி கனிந்து தயாராக இருந்தது. "வேண்டாம் பெரியம்மா" என்று அதைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டேன். அவருக்குக் கோபமான கோபம்! இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரியம்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் காலத்து வீடு ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கு வழியாகவும் திறந்த முற்றம் வழியாகவும் காற்று போய் வந்துகொண்டே இருக்கும். இன்றைக்குக் கான்கிரீட் தளம், கண்ணாடி ஜன்னல், கொசுவுக்குப் பயந்து எல்லா ஓட்டையும் அடைப்பு. அந்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். நிறமில்லை, வாசனையில்லை. "கரி கனிஞ்சாச்சு, புகையே இல்லையே" என்று நாம் தைரியமாகப் படுப்போம். அந்த வாயுவோ, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பிடிப்பாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவர்களுக்கு எழுந்திருக்கவே வராது. ஊட்டி, கொடைக்கானல் அறைகளில் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் இறந்துபோன செய்திகளைப் படித்திருப்பீர்களே!

சரி, குளிருக்கு என்ன செய்தேன்? 1983-ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மச்சு எடுத்த என் மாமனார், கீழ்க் கட்டு விறகடுப்பின் புகைபோக்கியை மச்சு அறையின் செங்கல் சுவரோடு சேர்த்தே மேலே ஏற்றிவிட்டார். காஸ் வந்தபிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் அந்த அடுப்புதான். சாயங்காலம் இரண்டு மணி நேரம் கருவைக் கட்டை எரிந்தால் போதும், மேலே சுவர் கதகதவென்று இருக்கும். செங்கல் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். சித்திரையில் மொட்டைமாடித் தளம் ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கிறதே, அதே சங்கதி. மூன்றாம் நாள் பெரியம்மாவே அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெற்றிலை போட்டார்! (கோடையில் இதே அறை உலை. அப்போது அடுப்பு கொல்லைக்குப் போய்விடும்.)

கொரியாவில் அடுப்பங்கரைப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டுப் படுக்கையறையைச் சூடாக்குவார்களாம். 'ஒண்டோல்' என்று பெயர். கனடாவில் குடியேறிய நம் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் நிலவறையில்தான் 'ஃபர்னஸ்' இருக்கிறது. அது சூடாக்கும் காற்று தகரக் குழாய் வழியாக மாடி அறைகளுக்கு ஏறுகிறது. புகை தனிக் குழாயில் வெளியே போய்விடுகிறது. சூடு வீட்டுக்குள், புகை வெளியே. கணப்புச் சட்டியில் இந்தப் பிரிவினை கிடையாது.

புகைபோக்கி அடைத்துக்கொண்டால் அதுவும் எமன்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2008-ல் காஸ் கணப்பின் புகைவழி அடைத்துக்கொண்டதில் ஒரு குடும்பமே மாண்டது. அதன் பிறகு 2013-ல், வீடுகளில் இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் வைக்கச் சட்டமே வந்தது.

அதனால் ஐப்பசி அடைமழை விட்டதும் மேலே ஏறி, குழாய் வாயில் மைனா கூடு கட்டியிருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் பார்த்துவிடுவார். உள்ளே படிந்த கரியை நீளக் கழியில் சாக்கைச் சுற்றி நான் இழுத்துவிடுவேன். மச்சுச் சுவரில் பழுப்புக் கறையோ புகை வாடையோ தெரிந்தால் எங்கோ வெடிப்பு என்று அர்த்தம். சிமெண்ட் பூசிக் காயும்வரை அடுப்பைப் பற்றவைப்பதில்லை. ராத்திரி படுக்கும் முன் தணலை அணைத்துவிடுவோம். மச்சு ஜன்னலில் ஒரு கதவு மார்கழியிலும் திறந்தேதான் இருக்கும்.

- ஓர் இல்லத்தரசி, திருவையாறு