மணிக்கட்டில் மினுங்கும் பச்சை விளக்கு

ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி, இருட்டில் அதன் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குட்டிப் பச்சை விளக்குகள் மினுங்கும். நாடித்துடிப்பை எண்ணுவது அவைதான். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் பாய்ந்து நிரம்ப, திரும்பி வரும் ஒளி குறைகிறது. ரத்தம் வடிந்ததும் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் ‘72’ என்கிறது. வைத்தியர் விரல் வைத்து நாடி பார்ப்பதும் இதே மணிக்கட்டில்தானே? அவர் தொட்டு உணர்வதை இது வெளிச்சம் போட்டுப் பார்க்கிறது.

அதனால்தான் பட்டை தளர்ந்தாலும், குளிரில் தோல் சில்லிட்டாலும், பச்சை குத்திய இடத்தில் கட்டினாலும் கணக்கு பிசகும். ஓடும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும்: கை வீசும் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்களோ அதை இதயத்துடிப்பாகக் காட்டிவிடும். 170 என்று பார்த்து மிரளும் முன், நின்று கையை அசைக்காமல் மறுபடி பாருங்கள்.

ஈசிஜி வசதியுள்ள வாட்சுகள் ஒளியோடு நிற்காமல் இதயத்தின் மின்னோட்டத்தையும் பிடிக்கின்றன. நெதர்லாந்தின் வில்லம் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசிஜி எடுத்தபோது, நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் முக்கியபடி உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கருவிக்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. வாட்சின் முதுகு இடது மணிக்கட்டைத் தொட, வலது கை விரலை அதன் பக்கவாட்டுத் திருகிலோ பொத்தானிலோ 30 விநாடி வைத்தால், இரண்டு கைகளுக்கு இடையே ஐந்தோவன் அளந்த அதே மின்கோடு இன்று கிடைத்துவிடுகிறது.

ஆனால் அது ஒரே ஒரு கோடு. மருத்துவமனையில் இதயத்தை 12 கோணங்களிலிருந்து பார்க்கிறார்கள். வீட்டைச் சுற்றி வருவதற்கும் ஒரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. மாரடைப்பின் அடையாளம் அந்த ஜன்னலில் தெரியாமலே போகலாம். மாரடைப்பைத் தங்கள் வாட்ச் கண்டுபிடிக்காது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. இதைப் படிக்காமல் வாங்குபவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

பிறகு எதற்குத்தான் இது உதவும்? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறைப் பிடிக்க. இதில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. திடீரென வரும், தானே போகும். டாக்டரிடம் போய்ப் படுக்கும்போது ஈசிஜி சாதுவாக இருக்கும். இரவும் பகலும் கையோடு கிடக்கும் கருவிக்கு இங்கேதான் அனுகூலம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் ஆப்பிள் வாட்சை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் 4,19,297 பேர். துடிப்பு சீராக இல்லை என்ற எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். அவர்களில் ஈசிஜி ஒட்டுப்பட்டையை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கே கோளாறு பதிவானது. மீதிப் பேருக்கு வந்தது பொய் எச்சரிக்கை என்று முடிவுகட்டிவிட முடியாது, ஏனென்றால் வந்து போகும் நோய் பட்டை ஒட்டிய நாட்களில் ஒளிந்திருக்கலாம். பட்டை ஒட்டியிருந்த வேளையிலேயே எச்சரிக்கை வந்தபோது 84 சதவீதம் பொருந்தியது. 40 வயதுக்குக் கீழே எச்சரிக்கை மிக அரிது. 65 தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம். ஆக, இந்த வசதியால் அதிகப் பயன் பேரனைவிடத் தாத்தாவுக்குத்தான்.

ரத்த அழுத்தம் காட்டும் வாட்சுகள் உண்டு. சாம்சங்கில் 28 நாளுக்கு ஒருமுறை மேற்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவியோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அந்தக் கருவியையே நம்பிக்கொள்ளலாம். ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் என்று விற்கும் வாட்சையோ மோதிரத்தையோ தொடவே வேண்டாம். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

எச்சரிக்கை வந்தால் பதறாமல் உட்காருங்கள். ஈசிஜி வசதி இருந்தால் அப்போதே எடுத்துச் சேமித்து, டாக்டரிடம் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். செயலி எழுதிய விளக்கம் அவருக்குத் தேவைப்படாது. வாட்சை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நள்ளிரவில் விழித்து விழித்து எண்ணைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பயமே துடிப்பை ஏற்றும்.

மார்பில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால், வாட்ச் ‘சீராக உள்ளது’ என்று காட்டினாலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. உடனே கூப்பிடுங்கள்.