உதிர்தலும் ஓர் ஒழுங்கே

இறப்பு என்றதும் நம் நெஞ்சில் எழுவது அழிவு என்னும் எண்ணமே. ஆயின் ஓர் உயிர் நலமுடன் வாழ்வதற்கே அதன் உடலுக்குள் நாள்தோறும் எண்ணற்ற உயிரணுக்கள் இறந்தாக வேண்டும் என்கிறது இன்றைய உயிரியல். வளர்ந்த மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கோடி உயிரணுக்களேனும் இவ்வாறு மடிகின்றன எனக் கணக்கிடுவர். அடிபட்டு மடியும் உயிரணு வீங்கி வெடித்துத் தன் சுற்றுப்புறத்தைப் புண்ணாக்கும். இவ்வுயிரணுவோ தன்னுள் அமைந்த கட்டளைப்படி சுருங்கி, சிறு பொதிகளாகப் பிரிந்து, அண்டை உயிரணுக்களுக்கு உணவாகிவிடும். இதனைத் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்பர்.

இதன் முதன்மையான வகைக்கு 1972ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் அறிஞர் மூவர் 'அப்பாப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலையும் இதழும் உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தளிர், இலை, பழுப்பு, சருகு எனப் பருவந்தோறும் இலைக்குப் பெயர் வைத்த தமிழர்க்கு இச்சொல்லின் நயம் எளிதில் விளங்கும்.

மரமும் பயிரும்

நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைக் காண்க. அதன் இலைகள் உதிருமுன் செந்நிறம் பெறுகின்றன. அப்போது இலையின் உயிரணுக்கள் தம் பச்சையத்தைச் சிதைத்து, தழைச்சத்தையும் பிற சத்துகளையும் மரத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. அப்பணி முடிந்த பின்னரே அவை மடிகின்றன. எத்திலீன் என்னும் வளி இந்நிகழ்வை விரைவுபடுத்தும். சைட்டோகைனின் என்னும் இயக்குநீர் தாமதப்படுத்தும்.

சேலையூர், மாடம்பாக்கம் ஏரிகளின் நீர் ஒரு காலத்தில் நெல் வயல்களுக்குப் பாய்ந்தது. நீரில் மூழ்கிய நெல்வேர் மூச்சு முட்டாது வாழ்வது எவ்வாறு? வேரினுள் சில உயிரணுக்கள் மடிந்து வழிவிட, அவ்விடம் காற்றுக் குழாயாகிறது. அதே ஏரியின் தலைப்பிரட்டை தவளையாகுங்கால் அதன் வால் மறைவதும், தாயின் கருவில் நம் விரல்கள் தனித்தனியே பிரிவதும் இத்தகைய இறப்பாலேயே.

கட்டுப்பாடு

பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோர் ஒரு சிறு புழுவை ஆராய்ந்தனர். அதன் வளர்ச்சியில் தோன்றும் 1,090 உயிரணுக்களுள் சரியாக 131 மடிகின்றன எனவும், அவ்விறப்பை மரபணுக்களே ஆள்கின்றன எனவும் கண்டு, 2002இல் நோபல் பரிசு பெற்றனர். விலங்குகளில் கேஸ்பேஸ் என்னும் நொதிகள் இப்பணியை நிறைவேற்றுகின்றன. அவற்றைத் தடுக்கும் புரதங்களும் உண்டு, தூண்டும் புரதங்களும் உண்டு. தாவரங்களில் கேஸ்பேஸ் இல்லை. வேறு நொதிகள் அவ்விடத்தில் இயங்குகின்றன. கருவிகள் வேறாயினும், வேண்டாத உயிரணுவை ஒழுங்காக விடைகொடுத்து அனுப்பும் நோக்கம் ஒன்றே.

ஒழுங்கு தவறினால்

இவ்வொழுங்கு குலைந்தால் நேர்வது யாது என்பதற்குத் தாம்பரமே சான்று. டாக்டர் சௌரி முத்து 1928இல் இங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனை 1937இல் அரசின் வசமாயிற்று. காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கிய காவல் உயிரணுவினுள்ளேயே குடியேறுகிறது. அவ்வுயிரணு ஒழுங்காக மடிந்தால் கிருமி சிறைப்படும். அதனால் வீரியமிக்க கிருமி அவ்விறப்பைத் தடுத்துத் தான் பெருகுகிறது. இறுதியில் உயிரணு வெடித்துச் சிதற, கிருமிகள் பரவுகின்றன.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். பின்னர் அந்நோயாளர் பலருக்கும் புகலிடமானது இதே தாம்பரம் மருத்துவமனை. எச்.ஐ.வி. செய்வது நேர்மாறானது. நோயெதிர்ப்புக்குத் தலைமை தாங்கும் சி.டி.4 உயிரணுக்கள், தொற்றுக்கு ஆளானவை மட்டுமன்றி அருகிலுள்ளவையும், அளவின்றி மடிகின்றன. காவல் குன்றவே காசநோய் எளிதில் புகுகிறது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. மருந்தால் வைரசு அடங்க, சி.டி.4 உயிரணுக்கள் மீண்டும் பெருகுகின்றன.

டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சை பெறுவோரின் துயர் மற்றொரு வகை. அங்கே மடிய வேண்டிய உயிரணு மடிய மறுக்கிறது. பழுதுற்ற உயிரணுவை இறப்புக்கு ஆளாக்கும் பி53 என்னும் மரபணு, புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் சிதைந்துள்ளது. கதிர்வீச்சும் மருந்துகளும் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் அவ்விறப்புக் கட்டளையை எழுப்பவே முயல்கின்றன.

ஆக, இறப்பு குறையினும் மிகினும் நோயே. அந்நோய்களில் குலைவது உயிரணுவின் ஒழுங்காக இருக்க, நோயுற்றவரின் ஒழுக்கத்தின் மீது பழி சுமத்துவது அறமாகாது. தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரைக் கேட்டு முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. இருவாரம் இருமல் நீடித்தால் தயங்காது சோதித்துக்கொள்வதும், தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தாதிருப்பதும், நோயுற்றாரை ஒதுக்காதிருப்பதும் கற்றோர் கடன். மாணவச் செல்வங்கள் இதனைத் தம் இல்லங்களிலும் எடுத்துரைப்பார்களாக.