கூத்தாண்டவருக்கு அழும் பாட்டு

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்துக்குச் சித்திரை மாதத்தில் பத்திரிகைக்காரர்கள் ஏராளமாக வருகிறார்கள். விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டியையும், திருநங்கையரின் புடவை நகைகளையும், தாலி கட்டும் பூசாரியின் கைவேகத்தையும் பத்தி பத்தியாக வருணிக்கிறார்கள். மறுநாள் அழுகளத்தில் எழும் ஒப்பாரியை நின்று கேட்டு எழுதினவர் வெகு சொற்பம். பாட்டுக்குப் பின்னே உள்ள கதை வேண்டுமென்று ஆசிரியர் கேட்டபோது, இயற்றியவர் இன்னாரென்றே தெரியாத இந்தப் பாட்டுத்தான் என் நினைவுக்கு வந்தது.

கூத்தாண்டவர் என்று இங்கே வணங்கப்படும் அரவானின் கதை வாசகர் அறிந்ததே. ஆயினும் அது வளர்ந்த விதத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு. வியாச பாரதத்தில் உலூபியின் மைந்தன் எட்டாம் நாள் யுத்தத்தில் அலம்புசன் என்னும் ராட்சசன் கையால் மடிகிறான், அத்துடன் சரி. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில் அவன் களப்பலியாகிறான். வில்லிபுத்தூராரும் அதற்கு இடம் கொடுக்கிறார். ஆனால், பலியாகப் போகும் வாலிபன் மணமாகாமல் சாகலாகாதென்று கண்ணனே மோகினியாகி அவனுக்கு மாலையிட்டு, ஓரிரவு கழிந்ததும் தாலியறுத்துக் கதறினான் என்று சொல்ல இவ்விரு புலவருக்கும் தோன்றவில்லை. பகலில் பிரசங்கியார் வில்லியின் விருத்தத்தை இழுத்துப் பாடிப் பொருள் சொல்ல, இரவில் முகவீணையும் மத்தளமும் முழங்கக் கட்டியங்காரன் திரைக்கு முன்னால் வந்து நிற்கும் இந்தப் பிரதேசத்துக் கிராமங்களில், படிப்பில்லாதவர் என்று நாம் அலட்சியமாக ஒதுக்கும் ஜனங்கள் கூத்தின் வழியே வளர்த்த அத்தியாயம் அது. இளைஞன் ஒருவன் அழ ஆளின்றிச் சாவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை போலும்.

அந்த மோகினியாகத் தம்மைப் பாவித்துத் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்ட இரவு முழுதும் கற்பூரக் குவியலைச் சுற்றிக் கும்மி நடக்கிறது. அதில் பரிகாசமும் உண்டு, சற்றே பச்சையான சிருங்காரமும் உண்டு. பொழுது விடிந்து தேர் நகர்ந்த பிற்பாடு தாலி அறுபடுகிறது, வளையல் நொறுங்குகிறது, வெள்ளைப் புடவை வருகிறது. அப்போது பிறக்கும் ஒப்பாரி, இப்பக்கத்துப் பெண்கள் இழவு வீட்டில் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்புச் சொல்லி அழுகிற அதே மெட்டுத்தான். சொற்கள் மாத்திரம் அவரவருடையவை. அரவானை அழைத்துத் தொடங்கும் அடி, மூன்றாவது நான்காவது திருப்பத்திலே, தன்னை வாசல்படி ஏற்றாத தாயாரையும், பார்த்தும் பாராமல் போன உடன்பிறந்தானையும் தொட்டுவிடுகிறது. தெய்வத்தை முன்னிட்டுத் தன் துக்கத்தை அழுது தீர்க்க ஆண்டில் ஒரு காலைப்பொழுது!

இந்த அருமையான பாட்டுக்கு வந்திருக்கும் சத்துரு ஒலிபெருக்கியே என்பதைக் கூசாமல் சொல்லுகிறேன். ஒப்பாரியிலே ஒருத்தி அடியை முடிக்கும் இடத்தில் மற்றொருத்தி விம்மி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விம்மலுக்குச் செவி கொடுக்கச் சுற்றிலும் கொஞ்சம் நிசப்தம் வேண்டும். நான் நின்றிருந்த இடத்திலோ ஒரு புறம் ராட்டினக்காரனுடைய சினிமாப் பாட்டு, மறு புறம் வளையல் கடைக்காரனுடைய கூவல். குழாய் கட்டியதால்தான் கூட்டமும் வியாபாரமும் பெருகின என்பாரும் உண்டு, பெருகியிருக்கலாம். மேற்கே கல்வராயன் மலைக்குப் போனாலாவது தப்பலாமென்று பார்த்தால், காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மலையாளிப் பழங்குடி மக்களின் வெள்ளிமலைப் பக்கத்துக் கல்யாண வீட்டிலும் பெட்டி பெட்டியாக அதே சாதனம் ஏறியிருக்கிறது. கிழவிகள் நலுங்குப் பாட்டுக்கு வாயெடுக்குமுன் அது பாடி முடித்துவிடுகிறது. வெள்ளமும் வறட்சியும் கொண்டுபோகாத பாட்டை மின்சாரம் கொண்டுபோகிறதே என்ற விசாரம் எனக்கு நீங்கினபாடில்லை.

சத்தத்தில் பாதி அடிகள் என் காதில் விழாமற் போகவே, குளித்துத் தலை ஆற்றிக்கொண்டிருந்த முதிய திருநங்கை ஒருவரிடம் சென்று, விழுப்புரத்தில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்து நிதானமாகப் பாடினால் எழுதிக்கொள்வேன் என்று வேண்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாவு விழாத எடத்துல ஒப்பாரி பாடக் கூடாது தம்பி. வேணும்னா அடுத்த சித்திரைக்கு வா. கிட்ட வந்து உக்காரு, கேக்கும்” என்று சொல்லிவிட்டு, ஈரப் புடவையைப் பிழிய ஆரம்பித்தார்.