18 முடிந்ததும் இல்லத்துக்கு வெளியே... காப்பகத்தில் வளர்ந்த பெண்கள் எளிதில் குறிவைக்கப்படுவது ஏன்?

"சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?" - மதுரையை ஒட்டிய பரவையில் வாடகைக்கு ரூம் கேட்டுப் போகும் இளம்பெண்ணிடம் வீட்டுக்காரர் கேட்கும் வழக்கமான கேள்விகள் இவை. படிப்பு, மில், மார்க்கெட் என வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் ஊர், கேட்பதில் தப்பில்லை. ஆனால், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வந்த பெண்ணுக்கு இரண்டுக்குமே பதில் இல்லாமல் போகலாம். அட்வான்ஸ் கொடுக்கவும் ஆள் இருக்காது.

அப்போது, "ரூமும் பார்த்துத் தர்றேன், வேலையும் இருக்கு" என்று ஒருவர் வந்து நின்றால்?

ஏமாறுவது அறியாமையால் மட்டுமல்ல. இல்லத்தில் எழுவது, சாப்பிடுவது எல்லாமே மணி அடித்துத்தான். பேங்க்குக்குத் தனியாகப் போன பழக்கமோ, கையில் காசு வைத்துச் செலவு செய்த அனுபவமோ பலருக்கும் இருக்காது. வார்டன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இப்படி வளர்ந்தவரிடம், அவருக்காக மட்டுமே "சாப்பிட்டியா?" என்று கேட்கும் முதல் ஆள் பெரிய ஆளாகத் தெரிவது இயல்பு.

மற்ற பெண்களும் ஏமாறுகிறார்கள்தான். ஆனால், அவர்களில் பலருக்குத் திரும்பிப் போக ஒரு அம்மா வீடு இருக்கிறது. "இவளைத் தேடி யாராவது வருவாங்களா?" என்றுதான் புரோக்கரும் முதலில் பார்க்கிறார்.

தமிழக நூற்பாலைகளில் பேசப்பட்ட 'சுமங்கலி' திட்டம் இதற்குக் கண்ணெதிரே இருந்த உதாரணம். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். நீண்ட வேலை நேரம், வெளியே போகத் தடை, பாதியில் நின்றால் பணம் கிடைக்காது என்ற நிலை ஆகியவற்றை 2011-ல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை உலகத்தின் முன் வைத்தது. வீடே இல்லாதவருக்கு 'தங்க இடம், மூணு வேளை சாப்பாடு' என்பதே பெரிய தூண்டில்.

இல்லத்துக்குள்ளேயே ஆபத்து இருந்த கதையும் உண்டு. மாமல்லபுரம் இல்லக் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2007-ல் வெளியான செய்திதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்று 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. பத்து வருடம்!

சரி, 18-க்குப் பிறகு சட்டம் என்ன சொல்கிறது? 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 21 வயது வரை பின்பராமரிப்பு உண்டு; விதிவிலக்காக 23 வரை நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. ஹாஸ்டல் வாடகைக்கே பத்தாது என்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் காப்பகம் விட்டு வருபவருக்கு 25 வயது வரை ஆலோசகர் ஒருவரின் துணை உண்டு.

"அவளே சம்மதிச்சுத்தானே போனா" என்ற வாதம் ஆள்கடத்தல் வழக்கில் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 143, பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைப் பொருட்படுத்துவதே இல்லை.

பின்பராமரிப்புக்கான பேச்சை இல்லத்திலிருந்து கிளம்பும் முன்பே குழந்தைகள் நலக் குழுவிடம் தொடங்குவது நல்லது. ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் மூன்றும் ஒரிஜினலாகக் கையில் இருக்க வேண்டும். 1098 குழந்தைகளுக்கான எண். 18 தாண்டிய பெண்கள் அழைக்க வேண்டியது 181.